வஞ்சிரம் மட்டுமே மீன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காசிமேட்டிலோ பட்டினப்பாக்கத்திலோ இவரைக் கண்டுபிடிப்பது எளிது. கிழங்கான், நவரை, காரப்பொடி, சங்கரா, கானாங்கெளுத்தி என்று பலகை நிறைய மீன் கிடக்கும், இவரோ அவற்றுக்கு மேலாக எங்கேயோ பார்த்து, "வஞ்சிரம் இருக்கா?" என்பார். "கானாங்கத்த இப்பத்தான் கரைக்கு வந்துச்சு சார், கண்ணப் பாருங்க" என்று மீன்கார அம்மா எடுத்துக் காட்டினால், "அதெல்லாம் எங்க வீட்ல யாரும் தொட மாட்டாங்கம்மா" என்பார். வீட்டில் யாரையும் கேட்டிருக்க மாட்டார். செவுளைத் தூக்கிப் பார்ப்பதில் இவர் வல்லுநர். வெளுத்திருந்தால் பழைய மீன், சிவந்திருந்தால் சாயம். 2018-இல் ஃபார்மலின் பீதி கிளம்பியதிலிருந்து மோந்து பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. ஏலத்தில் கூடை எடுத்து, ஐஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதில் பிழைக்கும் அந்த அம்மாவிடம் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் மல்லுக்கட்டுவார். அடுத்த வாரம் செயலியில், எந்தக் கரையில் எப்போது பிடித்தது என்றே தெரியாத துண்டுகளை, போட்ட விலைக்கு டெலிவரிக் கட்டணமும் சேர்த்து வாங்கிவிட்டு ஐந்து நட்சத்திரமும் கொடுப்பார்.

இவருடைய ருசியைப் பற்றி நமக்கு வழக்கில்லை. வஞ்சிர வறுவலைக் குறை சொல்பவன் தமிழ்நாட்டில் பிழைக்க முடியாது. வழக்கு, அந்த 'மட்டும்' பற்றியது. ஃபைபர் படகில் போகிறவர் விரிக்கும் வலைக்கு இவருடைய பட்டியல் தெரியாது. அன்றைக்கு அந்த வழியாக வந்ததெல்லாம் ஏறும். எண்ணெய்ச் செலவும் ஆள்கூலியும் எந்த மீன் வந்தாலும் ஒன்றுதான். ஒரே ஒரு மீனுக்கு விலை ஏறி மற்றவை சல்லிசாகப் போனால், போட்ட முதலை எடுக்க அந்த ஒன்றைத்தான் துரத்த வேண்டும். பெரியது கிடைக்காதபோது சிறியதும் கரையேறும். இவர் அதையும் பெருமையாகவே வாங்குவார்: "ஒரு கிலோ சைஸ்ல முழுசா கொடும்மா, சின்னதுதான் ருசி." வஞ்சிரம் ஏறத்தாழ 70 செ.மீ. வளர்ந்த பிறகுதான் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. ஒரு கிலோ மீன் 50 செ.மீ.க்குச் சற்று மேலே இருந்தால் அதிகம். அதாவது, ஒரு தடவைகூட முட்டையிடாத மீன் இவர் தோசைக்கல்லில் பொரிகிறது. கேரளம் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவை மீன்வாரியாக நிர்ணயித்து, வஞ்சிரத்துக்கு 50 செ.மீ. என்று வைத்திருக்கிறது. அந்தக் கோட்டையே இவருடைய ஒரு கிலோ மீன் தட்டுத் தடுமாறித்தான் தாண்டும்.

மே மாதத்தில் இவரைப் பார்க்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய தடை இது. 2017-இலிருந்து 61 ஆனது. நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை, ஆகவே அருகில் பிடித்த மீன் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும். ஆனால் இவருக்குக் கெடு காலண்டரில் இல்லை, நாக்கில் இருக்கிறது. மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் கேரளத்திலிருந்தும் மங்களூரிலிருந்தும் ஐஸ் பெட்டியில் மீன் வரும். இவர் அதை "ஃப்ரெஷ்" என்று வாங்கிக்கொண்டு, அன்று விடியற்காலையில் பிடித்த கிழங்கானைச் சந்தேகத்தோடு பார்ப்பார்.

கேட்டால் இவரிடம் பதில் இருக்கிறது. வாட்ஸாப்பில் வந்த பதில். "கடலை அழிக்கிறது இழுவைமடியும் சுருக்குமடியும் சார், நான் வாங்குற ரெண்டு துண்டா?" பாதி உண்மைதான். சுருக்குமடி வலையைத் தமிழ்நாடு 2000-இலேயே தடை செய்தது. 12 கடல்மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள் மட்டும் என்ற நிபந்தனைகளோடு உச்ச நீதிமன்றம் 2023-இல் அனுமதித்தது. அந்தச் சண்டையை மீனவர்களும் அரசும் தீர்க்கட்டும். ஆனால் எந்த வலைக்கும் கூலி கொடுப்பது வாங்குகிறவர் பணம்தான். 2004 சுனாமிக்குப் பின், பிணம் தின்ற மீன் என்ற வதந்தியில் ஊரே கடல் மீனை ஒதுக்கியது. படகை இழந்தவர்கள் சந்தையையும் இழந்தார்கள். ஒதுக்கும்போது அத்தனை வலிமை இருந்த கைக்கு, வாங்கும்போது மட்டும் வலிமை இல்லையாம்!

இதைவிட நல்ல ஆட்சேபம் ஒன்று உண்டு, அது இவருக்குத் தோன்றுவதில்லை: வஞ்சிரத்தை விட்டு எல்லோரும் மத்தி போன்ற மலிவு மீனுக்கு மாறினால் மத்தி தீர்ந்துபோகாதா? கேரளத்தில் 2012-இல் நான்கு லட்சம் டன்னை நெருங்கிய மத்தி, 2021-இல் 3,297 டன்னாகச் சரிந்தது. கடலின் தட்பவெப்பமும் காரணம், குஞ்சு மீனை அள்ளியதும் காரணம். ஆனால் மத்தி ஓராண்டுக்குள் முட்டையிடும் மீன். சில ஆண்டுகளிலேயே மறுபடி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. வஞ்சிரத்துக்கு அந்த வேகம் கிடையாது. ஆகவே வஞ்சிரத்தை இறக்கிவிட்டு மத்தியை அதே பீடத்தில் ஏற்றுவதில் பயனில்லை. இந்த வாரம் எது மலிந்து வருகிறதோ அதை வாங்கி, அடுத்த வாரம் வேறொன்றுக்கு நகர்வதுதான் வழி. முள் இருக்கிறது, வீச்சம் இருக்கிறது என்பார். நெத்திலியை முள்ளோடே தின்னலாம். வீச்சத்துக்குப் புளியும் மாங்காயும் எதற்கு இருக்கின்றன?

உங்கள் பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் வாதாடாதீர்கள். கானாங்கெளுத்தியை மாங்காய் போட்டுக் குழம்பு வைத்து ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். என்ன மீன் என்பதை மட்டும், கிண்ணம் காலியாகித் திரும்பி வந்த பிறகு சொல்லுங்கள்.