வரைந்தவர் தூங்கிவிட்டாரா?

கேள்வி: அலாஸ்காவில் கிளேசியர் விரிகுடா இருக்கும் இடத்தில் கடலோடி வான்கூவரின் பழைய வரைபடம் வெறும் பனியைக் காட்டுகிறதே, வரைந்தவர் தூங்கிவிட்டாரா?

பதில்: அவர் விழித்துத்தான் இருந்தார், விரிகுடாதான் இன்னும் பிறக்கவில்லை. 1794-இல் வான்கூவரின் ஆட்கள் கண்டது, கரையில் சுமார் 8 கிலோமீட்டர் குழிவும் அதை அடைத்து நின்ற பனியும்தான். 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் படகில் போனபோது பனி 60 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. 1890-இல் அறிவியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட் அங்குள்ள மியூர் பனியாற்றை அளந்து வரைந்தார். அவர் பனி என்று குறித்த இடத்தில் இன்று கடல்நீர். மூவருமா சொல்லிவைத்துத் தவறினார்கள்? ‘ஆலைப்புகைக்கு முன்பே உருகியதே, அப்படியானால் புவி வெப்பமாதல் புரளியா?’ என்பீர்கள். கடலில் இறங்கிய பனியாறு ஆழ்நீரில் பின்வாங்கத் தொடங்கிவிட்டால் தானே மளமளவென்று உடையும். அந்த ஒன்றை வைத்து உலகப் பனிக்கெல்லாம் தீர்ப்பெழுத முடியாது. (எழுதுகிறார்கள், அது வேறு.) பழையதைச் சுவரில் மாட்டுங்கள், கப்பலோட்டப் புதிய வரைபடம் வாங்குங்கள்.