ஜன்னலோர சஃபாரி

முதுமலையில் விலங்கு பார்க்க இரண்டு வழி. ஒன்று, தெப்பக்காட்டில் வரிசையில் நின்று, ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, வனத்துறை வண்டியில் ஏறுவது. இன்னொன்று, ஊட்டியிலிருந்து மைசூர் போகும் அரசுப் பேருந்தில் துண்டு போட்டு ஜன்னலோரம் பிடிப்பது. காடு ஒன்றுதான். மானுக்கு இந்தக் கட்டண வித்தியாசமெல்லாம் தெரியாது. இரண்டு வண்டியையும் ஒரே அலட்சியத்தோடுதான் பார்க்கும்.

சஃபாரியில் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். தரிசனம் தந்தது இரண்டு மயில், ஒரு குரங்கு. குரங்கு எங்கள் தெருவிலேயே உண்டு. ஊர் திரும்பும் பேருந்தில், கண்டக்டர் சில்லறைக்காகக் கத்திக்கொண்டிருக்கும்போதே சாலையோரம் குட்டியோடு ஒரு யானை!

கேமரா சங்கதி தனி. பல சரணாலயங்களில் மனிதனைவிட அதற்குக் கட்டணம் அதிகம். பையிலிருக்கும் மூன்று கண் கைப்பேசியை யாரும் ஏனென்று கேட்பதில்லை. காட்டைப் பார்த்தபடி தூங்கி எழ விரும்புவோருக்கு விடுதிகள் உண்டு. வாடகையைக் கேட்டால் தூக்கம் போய்விடும்.

முதுமலை 1940-இல் சரணாலயம், 2007-இல் புலிகள் காப்பகம். பக்கத்துப் பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை சாலையில் வாகனப் போக்குவரத்துக்குத் தடை, சில விலக்குகள் தவிர. அந்த ஒன்பது மணி நேரமும் விலங்குகளுக்கு நுழைவு இலவசம்.

யானையைக் கண்டு நான் துள்ளியபோது, பின்சீட்டில் கீரைக்கூடையோடு இருந்த பாட்டி கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "அது தினமும் அங்கதான் நிக்குது, தம்பி."