ஸ்பீக்கர் சார்

அந்த வீட்டில் சுவர்க்கடிகாரம் நின்றுபோனால் யாரும் கடிகாரத்தைக் குறை சொல்வதில்லை. செல்லை ஸ்பீக்கர் சார் உருவியிருப்பார். ஒன்றரை வோல்ட் செல் ஒன்றும் இரண்டு முழம் ஒயரும் கையில் இருந்தால் எந்த ஸ்பீக்கரின் ஜாதகத்தையும் கணித்துவிடலாம் என்பது அவர் கட்சி. ஒயரின் நுனியைத் தொட்டு எடுப்பார். ‘டப்’பென்று கோன் முன்னால் துள்ளினால் முகம் மலரும். பின்னால் இழுத்தால் ப்ளஸ் மைனஸ் மாறிக் கிடக்கிறது என்று பொருள். சத்தமே வரவில்லையென்றால் காயில் போய்விட்டது. அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் கரண்ட் பில் பற்றிப் பேசக் கூடாது.

எங்கே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் என்பது முக்கியமில்லை. பாங்க்காக இருக்கலாம், மின்வாரியமாக இருக்கலாம். கேசட் டெக் வாங்கிய காலத்தில் கூடவே வாங்கிய ஸ்பீக்கர் ஜோடி இன்னும் கூடத்தில் இருக்கிறதா, அதுதான் அடையாளம். வீடு மாறினார், ஸ்கூட்டர் மாறினார், சர்க்கரைக்கு மாத்திரை மூன்று தடவை மாறியது. ஸ்பீக்கரை மாற்றலாமே என்று மகன் சொன்னால், “இதுக்கு என்ன ஆச்சு இப்போ?” என்பார். என்ன ஆகவில்லை என்று மகன் கேட்க நினைப்பான். அப்பாவாயிற்றே என்று விட்டுவிடுவான். கோனைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் உதிர்ந்து தினமும் கறுப்புப் பொடியாகத் தரையில் விழுகிறது. அந்த ஃபோமுக்குப் பதினைந்து இருபது வருடம்தான் ஆயுள். காற்றின் ஈரம் அதைத் தின்றுவிடும். சென்னைக் காற்றுக்குப் பசி கொஞ்சம் அதிகம்.

இவருக்குப் பிடிக்காதவர்கள் விருந்தாளிகள். குறிப்பாக, அவர்கள் கையில் பிடித்து அழைத்துவரும் குழந்தைகள். கோனின் நடுவே உப்பலாக இருக்கும் அந்த மூடியைப் பார்த்ததும் விரலால் அமுக்காத குழந்தை இந்தப் பூமியில் பிறக்கவில்லை. பெற்றோர்கள் “சுட்டிப் பையன்” என்று சிரிப்பார்கள். சாரும் சிரிப்பார். அவர்கள் ஆட்டோ ஏறிய பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு, மூடியின் மேல் வாயை வைத்து உறிஞ்சி இழுப்பார். உள்ளே குழிந்தது வெளியே வர இது நல்ல வழிதான். ஸ்பீக்கர் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் எதிர்வீட்டு ஜன்னலில் நின்ற அம்மாளுக்கு ஸ்பீக்கர் தெரியாது. ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்கு நீண்ட முத்தம் கொடுப்பதாகத்தான் தெரியும்.

சாமான் வாங்க ரிச்சி தெருவுக்குப் போவதென்றால் அவருக்குத் திருப்பதி போகிற பரபரப்பு. கடைக்காரர் அளவு தவறிக் கொடுத்துவிடுவார் என்று ஸ்பீக்கரையே கழற்றி மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போவார். மெட்ரோ ஸ்கேனர் திரையில் வட்டமாக ஒரு காந்தம், அதிலிருந்து கிளம்பும் இரண்டு ஒயர், பக்கத்தில் ஒரு பேட்டரி செல். சொல்ல வேண்டுமா? ஓரமாக நிற்கவைக்கப்பட்ட நேரத்தில் காவலருக்கு ஒரு வகுப்பே எடுத்துவிடுவார். இந்த அமைப்பு 1925-இல் வந்தது, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ரைஸ், கெலாக் என்று இரண்டு பேர் எழுதிய கட்டுரை, அன்றைக்குச் சொன்ன காந்தம், காயில், காகிதக் கோன்தான் இன்றைக்கும், என்று. காவலர் பையைத் திருப்பிக் கொடுப்பது சந்தேகம் தீர்ந்ததால் அல்ல, பின்னால் வரிசை நீண்டுவிட்டதால்.

கடைப் பையன் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிடுவான்: “சார், இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம் சார். ப்ளூடூத் வருது, லைட்டெல்லாம் எரியும்.” சார் பதில் பேசாமல் பையிலிருந்து ஸ்பீக்கரை எடுத்து அவன் கையில் வைப்பார். “காந்தத்தோட கனத்தைப் பாரு தம்பி. இப்ப லைட்டு எரியறதைத் தூக்கிப் பாரு.” வாதம் அவ்வளவுதான். இதற்கு மறுமொழி சொன்ன கடைப் பையனை நான் கண்டதில்லை.

உண்மையான வேலை வீட்டில் தொடங்கும். மட்கிய ஃபோமைச் சுரண்டி எடுக்க அவருக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். கோனில் கீறல் இருந்தால் மெல்லிய டிஷ்யூ காகிதம், தண்ணீர் விட்ட ஃபெவிகால். ஓரத்துக்கு மனைவியின் நகப்பாலிஷ். காயில் காந்த இடுக்கின் நட்டநடுவே நிற்க வேண்டும். அந்த இடுக்கில் ஒரு மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை. துளி சாய்ந்தாலும் உரசும், உரசினால் கரகரக்கும். அதனால் பசை காயும்வரை சுற்றிலும் மெல்லிய ஃபிலிம் துண்டுகளைச் செருகி வைப்பார்கள். ஃபிலிமுக்கு எங்கே போவது? மாமியாரின் நெஞ்சு எக்ஸ்ரே பீரோவில் சும்மாதானே கிடக்கிறது! அடுத்த முறை டாக்டர், “பழைய எக்ஸ்ரே கொண்டு வந்தீங்களா, ஒப்பிட்டுப் பார்க்கணும்” என்றபோது, ஸ்பீக்கர் சார் பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்து, அரை அங்குல அகலத்தில் சீராக நறுக்கிய பட்டைகளைக் காட்டினார். “வரிசையா அடுக்கினா விலா எலும்பு தெரியும் டாக்டர்” என்றும் சொன்னதாகக் கேள்வி.

பசை காயும் அந்த ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டு மேஜை அவருடையது. மின்விசிறி போடக் கூடாது. காந்தம் அந்தப் பக்கம் போகிற ஊக்கு, ஹேர்பின், தையல் ஊசி எல்லாவற்றையும் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். “ஏங்க, என் ஊக்கைப் பார்த்தீங்களா?” என்ற கேள்விக்கு அந்த வீட்டில் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்து பெட்டியில் பொருத்தியதும் குடும்பத்தைக் கூட்டுவார். சோதனைக்கு ‘ப்ரியா’ பாட்டுத்தான். 1978-லேயே ஸ்டீரியோவில் பதிவானது என்பதை ஒவ்வொரு முறையும் முதல்முறை போலச் சொல்வார். “பேஸ் கேக்குதா?” என்பார். கேக்குது என்பார்கள். கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் மறுபடி திருப்புளியை எடுத்துவிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

வீட்டோடு நின்றால் தெருவுக்குக் கவலை இல்லை. போன ஆடி மாதம் கூழ் ஊற்றும் விழாவுக்கு மின்கம்பத்தில் கூம்பு ஸ்பீக்கர் கட்டினார்கள். கூம்பு ஸ்பீக்கரே கட்டக் கூடாது என்று போலீஸ் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆடி மாதத்துக்கு அது காதில் விழுவதில்லை. இரண்டாம் நாள் அது இருமத் தொடங்கியது. எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் தகரத்தை ஆணி கிழிப்பதுபோல வந்தது. தெருவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள் எல்லாரும் அதன் கடைசி மூச்சுக்காகப் பக்தியோடு காத்திருந்தோம். ஸ்பீக்கர் சார் மட்டும் பொறுக்க முடியாமல் எழுந்து போனார். மைக் செட் தம்பியைக் கம்பத்தில் ஏற்றி யூனிட்டைத் திருகி இறக்கச் செய்து, பின்மூடியைக் கழற்றி, கிழிந்திருந்த டயஃப்ரத்தை எடுத்துவிட்டு, தம்பியின் பெட்டியிலிருந்தே புதியதை உட்கார வைத்துக் கொடுத்தார். அன்று மாலை மூன்று தெருவுக்கு உச்சரிப்புச் சுத்தமாகக் கேட்டது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. 10 மணிக்கு முன்னால் அதை யாரும் பழுதுபார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. அரசு யோசிக்கலாம்.

பசை, பயணம், அப்படியும் மாறிப்போன அளவுக்காக மறுபடி பயணம் என்று கூட்டிப் பார்த்தால் புது ஜோடி விலையைத் தாண்டும். மருமகள் கூட்டிப் பார்த்தாள், தாண்டியிருந்தது. ஆனாலும் அவர் பக்கம் நியாயம் கனமாகத்தான் இருக்கிறது. ஸ்பீக்கரில் கெடுவது காகிதமும் ஃபோமும் மெல்லிய செம்புக் கம்பியும். காந்தமும் இரும்புச் சட்டமும் நம்மைவிட நீண்ட நாள் இருக்கும். காசு பெறாத ஃபோம் வளையத்துக்காக அவ்வளவு இரும்பைத் தூக்கி எறிகிறவர்களைத்தான் உண்மையில் சொற்சித்திரமாக எழுத வேண்டும். அவர்கள் எண்ணிக்கை அதிகம் என்பதால் பத்திரிகையில் இடம் போதாது.

உங்கள் பரணில் பழைய ஸ்பீக்கர் கிடந்தால், காயலான் கடைக்காரர் தராசில் வைக்கும் முன் உங்கள் பேட்டை ஸ்பீக்கர் சாரிடம் காட்டிவிடுங்கள். கூலி வாங்க மாட்டார். எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.