அடியியல்: ஹார்ட் டெக்னோவுக்கு ஒரு திணைப் பாகுபாடு

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், ஹார்ட் டெக்னோ என்னும் இசை மனிதர் மேல் எவ்வெவ்வாறு விழும் என்று வகுத்துரைத்தல் நுதலிற்று. விழும் என்றது ஏன்? அது அடி ஆகலின். அடி என்னும் சொல் தமிழில் தாளத்தையும் உதையையும் பாதத்தையும் கீழ்ப்பாகத்தையும் செய்யுள் வரியையும் குறிக்கும். ஐந்தும் இவ்விசைக்குப் பொருந்தும். நிமிடத்துக்கு 140 முதல் 160 வரை விழுந்து, நான்கு நான்காக எண்ணப்படுவதால், யாப்பில் இதற்கு அளவடி என்று பெயர். தொழில் தெரிந்தவர்கள் இதைக் கிக் என்பார்கள். நம்மூரில் அச்சொல்லுக்குள்ள பொருளையும் விலக்க வேண்டியதில்லை.

முதற்பொருள் நிலமும் பொழுதும். டெக்னோ பிறந்தது 1980-களின் டெட்ராய்ட்டில். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரையும் முதலாசிரியர்களாகக் கொள்வது மரபு. ஆயினும் அதன் வன்மைக்குப் பொருத்தமான நிலம் பெர்லினில் வாய்த்தது. 1989-இல் சுவர் விழ, கிழக்கே உரிமையாளர் யாரென்று தெரியாத கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. 1991-இல் பழைய பல்பொருள் அங்காடி ஒன்றின் நிலவறைப் பெட்டகத்தில் திரேசோர் என்னும் நடன விடுதி திறந்தது. 2004-இல் கைவிடப்பட்ட மின்நிலையத்தில் பெர்க்ஹைன். ஆகவே இத்திணைக்கு நிலம் கான்கிரீட்டும் கான்கிரீட் சார்ந்த இடமும் என்க. பொழுது சொல்லப் புகுந்தால் இலக்கணம் தடுமாறுகிறது. மேற்கு பெர்லினில் மதுக்கூடங்களை அடைக்கும் நேரக் கட்டுப்பாடு 1949-இலேயே நீங்கிவிட்டது. சனி இரவு நுழைந்தவர் திங்கள் காலை வெளியே வருகிறார். இடையில் வைகறை எது, எற்பாடு எது என்று எந்தப் புலவரால் சொல்ல முடியும்?

கருப்பொருளைச் சுருங்கச் சொல்வோம். உணவு, கிளப் மாட்டே என்னும் கஃபீன் பானம். உடை, கறுப்பு. தெய்வமும் பறையும் ஒன்றே: ரோலண்ட் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட டிஆர்-909 என்ற தாளப்பெட்டி. சுமார் 10,000 பெட்டிகளோடு தயாரிப்பு நின்றுபோனது. அசல் டிரம் போல ஒலிக்கவில்லை என்று விற்பனையில் தோற்ற பெட்டி, பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்ததால் காசில்லாத இளைஞர் கைக்கு வந்தது. அசல் போல ஒலித்திருந்தால் இந்த இயலே இல்லை.

இனி உரிப்பொருள். இருத்தல் முல்லைக்கு உரியது. அது வாசல் வரிசை. ஊடல் மருதத்துக்கு உரியது. அது வாயில்காப்போன் நம்மை ஏற இறங்கப் பார்க்கும் நேரம். பெர்லின் அல்லாத ஓர் ஊரில், பெயர் வேண்டாத ஒரு வாசலில், இரண்டரை மணி நேரம் முல்லையில் நின்று, ஒரே தலையாட்டலில் திருப்பி அனுப்பப்பட்டேன். ஊடல் இன்னும் தீரவில்லை.

பாலையையும் குறிஞ்சியையும் மட்டும் பிரிக்காமல் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்விசையின் சூட்சுமம் முழுதும் பிரிவில் இருக்கிறது. கிக் தனியே வருவதில்லை. அதன் எதிரொலியைப் பிடித்து, மேல் ஒலிகளை வெட்டியெறிந்து, மிஞ்சிய உறுமலைக் கரகரக்கச் சிதைத்து, ஒவ்வோர் அடி விழும் கணத்திலும் அவ்வுறுமலை அமுக்கி வைப்பார்கள். அடி, உறுமல், அடி, உறுமல். நிமிடத்துக்கு 150 என்றால் இரண்டு அடிகளுக்கு நடுவே 0.4 நொடி. பத்து நிமிடத்தில் உடம்பு அதற்குப் பழகி, அடி விழுவதையே மறந்துவிடும். அப்போது டிஜே ஒரு குமிழைத் திருகிக் கீழொலியை உருவிவிடுவார். அதுதான் பாலை. தரை காணாமல் போகிறது. வயிற்றில் அதுவரை இருந்தது என்ன என்று இல்லாதபோதுதான் தெரிகிறது. மேலே ஏதோ ஒரு சீழ்க்கை ஏறிக்கொண்டே போகிறது. ஆயிரம் பேர் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். தேர்ந்தவர் நாம் எதிர்பார்க்கும் இடத்தைத் தாண்டி இன்னும் எட்டு அடி தாமதிப்பார். பிறகு புணர்தல். அதை வருணிக்க அகமரபு இடம் தராது.

காதால் கேட்பதே இசை என்பாரை மறுக்க ஒரு சோதனை உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஆர்ஃபெக்ஸ் என்ற இருவர் குழுவின் கச்சேரியில், காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியை மட்டும் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை இயக்கியும் நிறுத்தியும் பார்த்தார்கள். அது இயங்கியபோது ஆடுவோர் ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதலாக அசைந்தார்கள். 2022-இல் வெளியான முடிவு இது. ஆட்டியது எது என்று ஆடியவர்க்குத் தெரியாது.

இதனால் ஒருதலைக் காமமாகிய கைக்கிளையும் விளங்கும். கைபேசியில் ஹார்ட் டெக்னோ கேட்பது கைக்கிளை. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஏழு மீட்டர் நீளம். விரல்நுனி அளவு ஒலிபெருக்கி அதை எப்படித் தரும்? அடியின் தலையில் உள்ள 'டக்' மட்டும் வரும். அதைக் கேட்டுவிட்டு, "இதில் என்னப்பா இருக்கு, மாவு மில் மாதிரி" என்று சொன்ன நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் சொன்னது பொய்யில்லை. மாவு மில்லுக்குள் நின்று பார்த்தவர் அல்லர், அவ்வளவுதான்.

பெருந்திணை என்பது ராட்டர்டாமில் 1990-களில் எழுந்த கேபர். வேகம் 180-ஐயும் தாண்டும். பொருந்தாக் காமம்தான், ஆனால் அதற்கும் ஆள் உண்டு. ஷ்ரான்ட்ஸ் என்று ஒரு கிளை. 1994-இல் கிறிஸ் லீபிங் இட்ட பெயர் என்பர். உரசிக் கரகரக்கும் ஒலியே பெயராயிற்று என்பர். ஒலிக்குறிப்புச் சொல் ஆக்கத்தில் ஜெர்மானியர் நமக்குச் சளைத்தவரல்லர்.

இஃது இசையேயன்று என்பாருக்கு உரையாசிரியராக நீதிமன்றமே வந்தது. கச்சேரி என்றால் நுழைவுச்சீட்டுக்கு 7 சதவீத வரி, கேளிக்கை என்றால் 19. பெர்க்ஹைனுக்கு 7 போதும் என்று 2016-இல் தீர்ப்பாயிற்று. 2024-இல் பெர்லின் டெக்னோ பண்பாட்டை ஜெர்மனி தன் அருவ மரபுப் பட்டியலிலும் ஏற்றியது. இலக்கணம் வகுக்க நான் சற்றே பிந்திவிட்டேன்.

நெய்தல் மீதமிருக்கிறது. இரங்கல், வெளியே வந்ததும் வெயிலில் காது ரீங்கரிப்பது. ஜெர்மன் தர விதி அரைமணிச் சராசரிக்கு 99 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கிறது; அதுவே ஓர் இரவு முழுவதற்கு அதிகம். போகிறவர்கள் காதடைப்பான் கொண்டு போங்கள், நல்லதாக ஒன்று. பஞ்சு உருண்டை உதவாது. கிக் போய்விடுமோ என்று பயப்படாதீர்கள். அது நெஞ்செலும்பு வழியாக வரும்.