வான்கோழி பாஷை

மான்செஸ்டர்

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முட்டுவலி இப்போது தேவலையா?

"இங்கிலீஷ்காரன் ஊரில் போய் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷில் வந்த இன்சூரன்ஸ் கடிதம் புரியவில்லை என்கிறாயே, வெட்கமாக இல்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். இல்லை மாமா. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் புரிவதில்லை. நான் அகராதியைத் தேடி ஓடுகிறேன், அவர்கள் எழுதினவனைத் திட்டுகிறார்கள். அதற்கென்றே மூட்டை மூட்டையாக வார்த்தை வைத்திருக்கிறார்கள்.

ஆளுக்குத் தகுந்த வசவு. வக்கீல் எழுதினால் லீகலீஸ். ஒரு தொழில்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் ஜார்கன். கேட்ட கேள்விக்கு மந்திரி ரேடியோவில் சுற்றி வளைத்தால் வாஃபிள். கட்டம் கட்டமாக இருக்கும் ஒரு பலகாரத்துக்கும் இங்கே அதுதான் பெயர். மந்திரிக்கு ஏதோ உபசாரம் நடக்கிறது என்று அத்தை நினைத்துவிடப் போகிறாள். பேச்சு வாஃபிள் வேறு. நாய்க்குட்டி 'வள் வள்' என்று கத்துவதைச் சொன்ன பழைய வார்த்தையிலிருந்து வந்ததாம். நாம் வழவழ கொழகொழ என்கிறோமே, அதுதான் சங்கதி. ஜார்கன் பழைய பிரெஞ்சில் பறவைகளின் கீச்சுச் சத்தம்.

நாய்க்குட்டி, குருவி முடிந்ததும் வான்கோழி. கோபிள்டிகூக்! அலுவலகக் காகிதங்களின் புரியாத நடைக்கு இந்தப் பெயர். பல்செட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இந்த வார்த்தையைச் செய்தவர் அமெரிக்கர், டெக்சாஸ்காரர், மௌரி மாவெரிக். 1944-ல், யுத்த சமயத்தில், சிறு தொழிற்சாலைகளைக் கவனிக்கும் ஓர் அரசு அமைப்புக்குத் தலைவராக இருந்தார். தமக்குக் கீழே இருந்தவர்கள் எழுதும் காகிதங்களைப் படித்து நொந்து, சுருக்கமாகப் புரியும்படி எழுதுங்கள் என்று சுற்றறிக்கை விட்டார். 'ஆக்டிவேஷன்', 'இம்ப்ளிமென்டேஷன்' என்று எழுதுகிறவன் சுடப்படுவான் என்றும் அதில் இருந்தது! ஊரில் வான்கோழி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கொக்கரிப்பது நினைவுக்கு வந்துதான் அந்த வார்த்தை பிறந்தது என்று பிறகு சொன்னார். இவருடைய தாத்தா, தம் மாடுகளுக்குச் சூட்டுக்குறி போடாமல் விட்டவர். அதனால் யாருக்கும் அடங்காத ஆளை இன்றைக்கும் 'மாவெரிக்' என்கிறார்கள். தாத்தா பெயரே ஒரு வார்த்தை, பேரன் செய்தது ஒரு வார்த்தை. நம் குடும்பம் உலகத்துக்கு என்ன கொடுத்தது, சொல்லுங்கள்.

மிருகங்கள் தீர்ந்ததும் அண்டை வீட்டார். புரியாத பேச்சுக்கு 'டபுள் டச்' என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களோடு மூன்று சண்டை போட்டார்கள். ஆத்திரம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. குடித்துவிட்டு வரும் வீரமும் இவர்களுக்கு 'டச்சு வீரம்'தான். அதற்கும் அடங்காவிட்டால், 'எனக்கு அது கிரேக்கம்' என்பார்கள். கிரேக்கர்கள் அதைச் சீனத்தில் தள்ளுகிறார்கள். சீனர்கள் 'வானத்து எழுத்து' என்று மேலே கையைக் காட்டிவிட்டார்கள். ஆக, இன்சூரன்ஸ் கடிதம் எழுதுவது ஆண்டவன்.

இதையெல்லாம் எதிர்த்து ஒரு அம்மாள் தெருவில் இறங்கினார். கிறிஸ்ஸி மேஹர், லிவர்பூல்காரர். பதின்வயது வரை அவருக்குப் படிக்கத் தெரியாது. 1979-ல் லண்டனில் பாராளுமன்றத்துக்கு எதிரே, அரசாங்கப் படிவங்களைக் குவித்துக் கிழித்துப் போட்டார். ஒரு போலீஸ்காரர் வந்து, 1839-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து மூச்சு விடாமல் ஒரு நீளமான வாசகத்தை ஒப்பித்தார். "இந்த கோபிள்டிகூக்குக்கு, நாங்கள் இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்று அர்த்தமா?" என்று அம்மாள் கேட்டாராம். அவர் தொடங்கிய எளிய ஆங்கில இயக்கத்தின் அலுவலகம் இங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம்தான், நியூ மில்ஸ் என்ற சிற்றூரில். தெளிவாக எழுதிய காகிதத்துக்கு நம் ஐ.எஸ்.ஐ. மாதிரி ஒரு முத்திரை தருகிறார்கள். குழப்புகிறவர்களுக்கு 'தங்க எருது' என்று ஒரு விருதும் வைத்தார்கள்.

ஆனாலும் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. போன வாரம் வந்ததில் ஒரே வாக்கியம் அரைப் பக்கம். தம் பிடித்துப் படித்து முடித்தால், பிரீமியம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒன்று கவனித்தேன் மாமா. எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் என்ற இரண்டும் தடித்த எழுத்தில் பளிச்சென்று இருக்கின்றன. ஏன் ஏறியது என்கிற இடத்தில்தான் வான்கோழி வருகிறது. ஆக, எழுதத் தெரியாமல் இல்லை.

நீங்கள் கோபிக்கக் கூடாது. நாற்பது வருஷமாக நீங்கள் எழுதும் பத்திரங்களில் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்' என்று வருமே, கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேருக்கு அது புரிந்திருக்கும்? எழுதுகூலி மட்டும் ஒவ்வொருவருக்கும் தெளிவாகப் புரிந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். நம் வீட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை அனுப்பும்போது, கிழக்குப் பக்கத்துக் கிணறு யாருக்கு என்பதை மட்டும் சாதாரணத் தமிழில் ஒரே வரியில் தனித்தாளில் எழுதி வையுங்கள். அது வந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
அன்பு மருமகன்