மிளகுக் கடைக்கு ஒரு வீ.பி.என். ரூட்டர்

இரத்தோட்டைப் பக்கம் யாரிடமாவது வீ.பி.என். என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். "பேஸ்புக்கைத் திறக்கிற சாமான்" என்பார்கள். புகழ் முழுவதும் அரசாங்கங்களையே சேரும். 2018 மார்ச்சில் திகன கலவரம், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2022 ஏப்ரல் 3இல் மக்கள் போராட்டம் என்று சமூக ஊடகங்களை மூடி மூடி, நாட்டுக்கே இலவச வீ.பி.என். வகுப்பு நடத்தினார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் மிளகும் கராம்பும் வாங்கும் முதலாளி ஒருவர், மாத்தளையில் இன்னொரு கடை போட்டு, இரண்டு கடைக் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தம்பி, வீ.பி.என். ரூட்டர் ஒன்னு வேணும்" என்று அவர் வாய் திறந்ததுமே, இந்த வயதில் இவர் களவாக என்ன பார்க்கப் போகிறார் என்று வீட்டில் விசாரணை தொடங்கிவிடும்.

அவர் கேட்பதோ இரண்டு கடையையும் இணையத்தில் பூட்டிய பாதையால் இணைக்கும் பெட்டி. இதுவரை கணக்குக் கொப்பி பஸ்ஸில் போய் வந்தது. கண்டக்டர் தெரிந்தவராக இருந்தால் அதுவும் பாதுகாப்பான இணைப்புத்தான்.

முதலாளியின் முதல் கேள்வி விலை. லத்வியாவின் மைக்ரோடிக் நிறுவனம் செய்யும் ஹெக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஏறக்குறைய 60 டாலர். டாலர் 200 ரூபாயாக இருந்த 2022 தொடக்கத்தில் அது 12,000 ரூபாய். அதே ஆண்டு மே மாதத்தில் டாலர் 360ஐத் தொட்டபோது 21,600. பெட்டி அப்படியேதான் இருந்தது, ஒரு துவாரம்கூடக் கூடவில்லை. அதில் ஓடும் வயர்கார்ட் என்ற வீ.பி.என். மென்பொருள் ஏறத்தாழ 4,000 வரிதான்; 2020 மார்ச்சில் லினக்ஸ் கருவுக்குள்ளேயே இடம் பிடித்தது. பழைய பி.பி.டி.பி. முறை மட்டும் உள்ள ரூட்டரைக் கடைக்காரர் மலிவாகத் தந்தால், வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். அதன் பூட்டை 2012லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் வில்லங்கம் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. 4ஜி இணைப்புகளில் பெரும்பாலும் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான். தோட்டத்து லயங்களில் யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஒபிசுக்கே போகிற கதைதான் இதுவும். வெளியே அனுப்பலாம், வெளியிலிருந்து நேராக வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. இரண்டு கடையும் இப்படி இருந்தால், இரண்டு ரூட்டரும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கமாவது பொது ஐ.பி. முகவரி இருந்தால் மற்றது வந்து சேர்ந்துவிடும்.

அடுத்தது, இரண்டு கடையிலும் 192.168.1 என்றே உள்முகவரி இருப்பது. மாத்தளையில் அடிக்க வேண்டிய பில் இரத்தோட்டையிலேயே விழும். முதலாளி அச்சுப்பொறியை ஏசுவார். ஒரு கடையை 192.168.20 என்று மாற்றினால் சண்டை தீர்ந்தது.

பூட்டிவைத்துவிட்டு மறந்துபோகிற பழக்கத்துக்கும் விலை உண்டு. 2018 மே மாதம் சிஸ்கோவின் டாலோஸ் குழு அம்பலப்படுத்திய வீ.பி.என்.ஃபில்டர் என்ற தீநிரல், 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் கருவிகளுக்குள் புகுந்திருந்தது. மைக்ரோடிக், டிபி-லிங்க், லிங்க்சிஸ், நெட்கியர் எல்லாமே பட்டியலில். தன் ரூட்டரில் இருந்த ஓட்டையை 2017 மார்ச்சிலேயே அடைத்துவிட்டதாக மைக்ரோடிக் சொன்னது. புதுப்பிக்காதவர்களுக்கு அந்தச் செய்தியால் என்ன பயன்?

கரண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் இருட்டில் இருந்த நாடு இது. ரூட்டருக்கென்று சின்ன யூ.பி.எஸ். ஒன்று வாங்காமல் மறைகுறியாக்கம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இரண்டு கடைக்கு ஹெக்ஸ் தாராளம். இதைவிடப் பெரியதை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பொது முகவரி கிடைக்குமா, மாதம் எவ்வளவு என்று இணைப்புத் தருபவரிடம் முதலில் கேளுங்கள். கிடைக்காதென்றால் நடுவில் ஒரு வாடகைச் சேவையகம் வேண்டிவரும். அந்த வாடகையையும் கூட்டிப் பார்த்த பிறகு ரூட்டருக்குக் காசை எடுங்கள்.