பாலைத்திணை இராப்பட இலக்கணம் (சிற்றுரையுடன்)

பாலைக்கு நண்பகலைச் சிறுபொழுதாக வகுத்தவர்கள் கேமரா வாங்காதவர்கள். டிரைபாடோடு பாலைக்குப் போகிறவனுக்கு நண்பகல் தூங்கும் நேரம். அவன் பொழுது யாமம். யாமமோ குறிஞ்சிக்குரியது. ஆகவே இத்துறை பிறக்கும்போதே திணைமயக்கத்தோடு பிறந்தது என்க.

நிலம்: லடாக்கின் ஹான்லே. மழை எட்டிப் பார்ப்பது அரிதாதலின் பாலை. 4,500 மீட்டர் உயரத்து மலையில் இந்திய வானாய்வகம் உட்கார்ந்திருப்பதால் குறிஞ்சி. இருளை ஒன்பது வகுப்பாகப் பிரித்தார் ஜான் போர்ட்டல், 2001இல். ஒன்றாம் வகுப்பே கடைந்தெடுத்த இருள். ஹான்லே அந்த வகுப்பு மாணவன். 2022இல் இப்பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

கருப்பொருள்: தெய்வம், வானிலை ஆப். உணவு, மேகி. விலங்கு, கியாங் என்னும் காட்டுக்கழுதை. பறை, ஷட்டர் விழும் ஓசை. உரிப்பொருள்: பிரிதல். குளிரில் பேட்டரியை விட்டு சார்ஜ் பிரியும். அதனால் மாற்று பேட்டரி சட்டைக்குள் நெஞ்சோடு வைக்கப்படும். தலைவிக்கும் கிட்டாத இடம்.

இனி, படமெடுப்போர் நால்வர், ஐந்தாமவர் புறனடை.

ஒன்று, புள்ளியார். விண்மீன் புள்ளியாகவே விழவேண்டும் என்போர். 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்து, வந்த விநாடிக்குள் ஷட்டரை மூடுவர்; 24 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 21 விநாடி. “500 அன்று, 300” என்பாரும் உளர். இவர் பிக்சலைப் பெரிதாக்கிப் பார்த்து அழும் கிளைமரபினர்.

இரண்டு, கோட்டார். புவி மணிக்கு 15 பாகை சுழல்வதைக் குற்றமாகக் கொள்ளாது அணியாகக் கொண்டவர். துருவ நட்சத்திரத்தை நடுவில் வைத்து, வானத்தை இசைத்தட்டாக்குவர். படம் விழும் ஒரு மணி நேரமும் இவருக்கு வேலையில்லை, குளிர்வதே தொழில்.

மூன்று, கூட்டுவார். இவர் இருவகை. ஒரே இடத்தில் பல படம் எடுத்து, இரைச்சல் குறையக் கூட்டுவார் தலையாயவர். ஓரூர் மண்ணோடு வேறூர் வானத்தை மணமுடிப்பார் கடையாயவர். இவரைக் கண்டறியும் வழி: ஹான்லேயில் பால்வெளியின் மையம் தென்வானில் சுமார் 28 பாகைக்கு மேல் ஏறாது. படத்தில் அது கோம்பா என்னும் பௌத்த மடத்தின் உச்சந்தலைக்கு நேர்மேலே நின்றால், அந்தத் திருமணத்துக்கு வானம் சம்மதிக்கவில்லை என்று கொள்க.

நான்கு, நிற்பார். தலையில் டார்ச் கட்டி, பால்வெளியை அண்ணாந்து, அசையாமல் நிற்பவர். எடுப்பவரும் அவரே, நிற்பவரும் அவரே. எழுவாயும் செயப்படுபொருளும் ஒன்றாதலின் வழுவமைதி.

நால்வர்க்கும் பொதுவான கிரியை ஒன்றுண்டு. அது ஃபோகஸ். ஆட்டோ இருட்டில் தேடித் தேடித் தோற்கும். லைவ் வியூவில் ஒரு பிரகாசமான விண்மீனைப் பத்து மடங்கு பெரிதாக்கி, கையுறையைப் பல்லால் கழற்றி, விறைத்த விரலால் லென்ஸ் வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். இட்லி மாவாய்ப் பரந்திருந்த விண்மீன் சுருங்கி, கடுகாகி, ஊசிமுனையாகும். அந்தக் கணத்தில் கண்ணும் இருளுக்குப் பழகியிருக்கும். அதற்கு அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

அந்தக் கணத்தில்தான் ஐந்தாமவர் வருவார்.

ஐந்து, விளக்கார். ஹை பீம் போட்டு வண்டியில் வந்திறங்கி, “ஸ்டார்ஸ் எங்கே தெரியும்?” என்று கேட்பவர். புள்ளியார் புள்ளியும் கோட்டார் கோடும் ஒரே விநாடியில் வெளுத்துப்போகும். நால்வரின் அரைமணி நேரக் கண்ணும் போகும், மறுபடி முதலிலிருந்து. இவருக்கு இலக்கணமில்லை, விலக்கு மட்டுமே.

உரையாசிரியன் தீர்ப்பு: லென்ஸும் விதியும் பின்னால் வருபவை, இத்துறைக்கு முதற்பொருள் இருட்டு. அந்த இருட்டும் தானாக நிற்பதன்று. ஹான்லே ஊர்க்காரர்கள் இரவில் ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, தெருவிளக்கைத் தாழ்த்தி மறைத்துக் காத்து வைத்திருப்பது. போகிறவர்கள் வண்டியின் விளக்கை அணைத்துவிட்டு இறங்குங்கள். கையில் வெளிச்சம் வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு போதும்.